பெந்தெகொஸ்தே சபைகளில் இரட்சிப்பு உபதேசம் மாறியிருக்கிறதா, இல்லை பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்களா?

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சண்டை மூட்டுவதற்கு இதை எழுதவில்லை, நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள் நான். சபையின் பெயர் வேண்டாம். சண்டே ஸ்கூலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எந்தக் குழப்பமும் கிடையாது. மனந்திரும்ப வேண்டும், முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், அந்நிய பாஷை அடையாளத்தோடு (ஜெபத்தில் தெரியாத பாஷை பேசுவது) ஆவியின் அபிஷேகம் பெற வேண்டும், நகையைக் கழற்றி வேறுபட்ட ஜீவியம் செய்ய வேண்டும், இதில் எது குறைந்தாலும் இயேசு தம்முடையவர்களை எடுத்துக்கொள்ள வரும் வருகையில் கைவிடப்படுவாய். அவ்வளவுதான். குழந்தையில் தெளிப்பு ஞானஸ்நானம் எடுத்த சிஎஸ்ஐக்காரர்கள் (தென்னிந்தியத் திருச்சபை) பெயர்க் கிறிஸ்தவர்கள், ஆர்சிக்காரர்கள் (ரோமன் கத்தோலிக்கர்) விக்கிரக ஆராதனைக்காரர்கள், கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதே அஞ்ஞானம். என் சித்தி ஆர்சி வீட்டில் கல்யாணம் முடித்ததற்காக அவளை இராப்போஜனத்திலிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து) நிறுத்திவைத்தார்கள். அவள் இன்றுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது அதே சபையில் பழைய பாஸ்டரின் மகன் பொறுப்பில் இருக்கிறார். போன டிசம்பரில் ஐக்கிய கிறிஸ்துமஸ் விழா மேடையில் சிஎஸ்ஐ குருவானவருக்கும் ஆர்சி ஃபாதருக்கும் நடுவில் உட்கார்ந்து கேக் வெட்டினார். சபை வாசலில் ஸ்டார் தொங்குகிறது. பிள்ளைகள் கம்மல் போட்டுக்கொண்டு வருகிறார்கள், யாரும் முறைப்பதில்லை. நரகம் என்ற வார்த்தையைப் பிரசங்கத்தில் கேட்டு ரொம்ப நாளாயிற்று, எல்லாம் கிருபை கிருபைதான். நான் போய்க் கேட்டால், "உபதேசம் மாறவில்லை சிஸ்டர், அணுகுமுறைதான் மாறியிருக்கிறது" என்கிறார்.

எனக்குப் புரியவில்லை. உபதேசம் மாறியிருந்தால் அதை யார், எங்கே உட்கார்ந்து மாற்றினார்கள்? மாறவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கேக் வெட்டின ஃபாதர் நரகத்துக்குப் போகிறவர் என்றுதான் இவர் இன்னமும் நம்புகிறாரா? அப்புறம் இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிசு. அப்பாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை சுடலைமாடன் கோயிலுக்குப் போனவள். எங்களுக்குப் பாட்டும் சோறும் கொடுத்து வளர்த்தவள். அவள் நரகத்துக்குத்தான் போவாள் என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்வார்களா?


சபைவரலாறு எழுதியது:

சிஸ்டர், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது "பெந்தெகொஸ்தே உபதேசம்" என்று ஒன்று இருந்து அது இப்போது மாறியது போல எழுதியிருக்கிறீர்கள். முதலில் அங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். அப்படி ஒரே உபதேசம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து எழுப்புதல் பரவி பத்து வருஷம் முடிவதற்குள்ளேயே இரட்சிப்பு விஷயத்தில் இரண்டு பெரிய உடைப்புகள் வந்துவிட்டன. முதலாவது, பரிசுத்தமாகுதல் என்பது இரட்சிப்புக்குப் பிறகு வரும் தனி அனுபவமா, சிலுவையிலேயே முடிந்த வேலையா என்பது. 1910 வாக்கில் சிகாகோ வில்லியம் டர்ஹம் கிளப்பியது. இரண்டாவது, 1913-ல் ஒரு முகாம் கூட்டத்தில் தொடங்கிய "இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம்" சண்டை. 1914-ல் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் 1916-ல் செயின்ட் லூயியில் கூடி அடிப்படைச் சத்தியங்கள் என்று ஓர் அறிக்கை போட்டதே இந்தச் சண்டையை முடிப்பதற்குத்தான். அதில் திரித்துவம் என்று அடித்துச் சொன்னதும் ஊழியர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெளியேறினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இரட்சிப்பின் வெளி அடையாளம் நீதியும் பரிசுத்தமுமான வாழ்க்கை என்று இருக்கும். அந்நிய பாஷை இரட்சிப்புக்கு அடையாளம் என்று இருக்காது, அது ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்றுதான் இருக்கும். பாஷை பேசினால்தான், இயேசுவின் நாமத்தில் முழுக்கு எடுத்தால்தான் இரட்சிப்பு முழுமை என்று சொன்னது திரித்துவத்தை ஏற்காமல் பிரிந்துபோன ஒருமைவாதிகள் பக்கம். நம் ஊர்களில் திரித்துவச் சபைப் பாஸ்டர்களே மேடை வேகத்தில் இரண்டையும் கலந்து பேசினார்கள், ஜனங்கள் கேட்டது அதைத்தான். நகை விஷயம் அந்த அறிக்கையில் கிடையவே கிடையாது. அது இங்கே, குறிப்பாக மலையாளத்துப் பக்கமிருந்தும் பழைய பரிசுத்தக் கூட்டத்தாரிடமிருந்தும் வந்த பழக்கம்.

சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் வேறு கதை. கேரளத்தில் பிறந்த ராமன்குட்டி, பாஸ்டர் பால் ஆகி, 1920களில் கொழும்பில் தொடங்கியது. மணமாகாத ஊழியர்கள், வெள்ளை உடை, மருந்து எடுப்பதில்லை. கடுமைக்கு அதைவிடப் பெயர் வாங்கிய சபை தமிழில் இல்லை. தெற்கே மற்ற சபைகளும் அந்த அளவுகோலை வைத்துத்தான் தங்களை அளந்துகொண்டன, அதன் உபதேசத்தை ஏற்காதவர்கள் உட்பட.

இன்னொன்று. 1860-ல் நம் திருநெல்வேலிச் சீமையிலேயே அருளப்பன் நடத்திய கூட்டங்களில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்ததாகப் பதிவு இருக்கிறது, அசூசாவுக்கு 46 வருஷம் முன்பு. 1905-ல் மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் எழுப்புதல் வந்தது. அங்கே பாஷை பேசாதவர் அபிஷேகம் பெறாதவர் என்று ரமாபாய் யாரையும் தள்ளவில்லை. அதனால் "பழைய உபதேசம்" என்று நாம் நினைப்பது பல சமயம் நம் சபைக் கட்டடத்தின் வயதுதான்.


முன்னாள்_ஊழியர் எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதெல்லாம் சரி. ஆனால் உங்கள் பாஸ்டர் 1916 அறிக்கையைப் படித்துவிட்டு மேடை ஏறியிருக்க மாட்டார். நான் சபை நடத்தியவன், இப்போது நடத்தவில்லை, ஆகையால் உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் காரணம் கல்லறை. சிரிக்காதீர்கள். சொந்தக் கல்லறைத் தோட்டம் உள்ள பெந்தெகொஸ்தே சபைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு விசுவாசி இறந்தால் ராத்திரி பத்து மணிக்கு சிஎஸ்ஐ சேகரகுருவின் (அந்த வட்டாரத்துப் பொறுப்புக் குரு) வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவர் பதிவேட்டைப் புரட்டி, இவர் குடும்பம் சந்தா கட்டி எத்தனை வருஷமாகிறது என்று பார்ப்பார். உள்ளே பிரேதம், வெளியே நான். காலையில் "பெயர்க் கிறிஸ்தவர்கள்" என்று பிரசங்கம் செய்த வாயால் ராத்திரி "ஐயா கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்க வேண்டும். இதனால்தான் பாதிக் குடும்பங்கள் ஞாயிறு காலை நம்மிடம் வருவார்கள், பெயரை மட்டும் சிஎஸ்ஐ பதிவேட்டிலிருந்து எடுக்க மாட்டார்கள். கல்யாணமும் அப்படித்தான். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடத்திவைப்பதற்கு உரிமம் வேண்டும், தனிச்சபைப் பாஸ்டர் எல்லாரிடமும் அது இருக்காது. அப்போது சிஎஸ்ஐ ஆலயத்தில்தான் கல்யாணம், நான் முன்வரிசையில் உட்கார்ந்து ஜெபம் மட்டும் செய்வேன்.

இரண்டாவது அரசியல். 2002-ல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது ஆர்சி, சிஎஸ்ஐ, நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றோம். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது, ஆனால் அந்தக் கூட்டங்களில் ஏற்பட்ட பழக்கம் நிலைத்துவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு எதிராக யாராவது காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் கூட வந்து பேசுவது அந்த ஃபாதர்தான். அவரைப் பற்றி அடுத்த ஞாயிறு விக்கிரகக்காரன் என்று எப்படிப் பிரசங்கிப்பது?

மூன்றாவது, அவர்களும் நம்மைப் போலவே ஆகிவிட்டார்கள். ஆர்சியில் அருங்கொடை இயக்கம் (கரிஸ்மாட்டிக்) வந்து கை தட்டுகிறார்கள், பாஷை பேசுகிறார்கள். கேரளத்தில் முரிங்கூர் ஆர்சி தியான மையத்துக்குப் போய்விட்டு வந்த ஒரு ஆர்சி அம்மா எங்கள் உபவாச ஜெபத்துக்கு வந்து அபிஷேகத்தில் நிறைந்து பாஷை பேசினார்கள், கழுத்தில் ஜெபமாலையோடு. அன்றைக்கு என் மூப்பர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆவியானவர் ஜெபமாலையைக் கழற்றச் சொல்லிவிட்டு அல்லவா வந்திருக்க வேண்டும்! ஆக, யாரும் உட்கார்ந்து மாற்றவில்லை சிஸ்டர். காகிதத்தில் இருக்கிறது அப்படியே இருக்கிறது, அதை எடுத்து ஆள்மேல் வீசுவதைத்தான் நிறுத்தியிருக்கிறோம்.


பழையபாதை எழுதியது:

முன்னாள் ஊழியர் என்று பெயர் வைத்ததற்கு ஏற்றபடியே எழுதியிருக்கிறீர்கள் பிரதர். கல்லறைக்காக உபதேசத்தை விட்டுவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொல்கிறீர்கள்.

நான் பழைய ஆள், அதனால் நேராகவே சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் சகிப்புத்தன்மை என்று சொல்வதில் பாதிக்குமேல் அக்கறையின்மை. என் தகப்பனார் நரகம் உண்டு என்று நம்பினார். நம்பினதால் சைக்கிளில் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கமெல்லாம் கைப்பிரதியோடு போனார், அடி வாங்கினார், காய்ச்சலோடு வந்து படுத்தார், மறுபடி போனார். அந்த ஊர் ஜனங்கள் அழிந்துபோகக் கூடாது என்று ராத்திரி அழுவார், நாங்கள் கேட்டிருக்கிறோம். இப்போது யாரும் நரகத்துக்குப் போகமாட்டார்கள் என்கிற சபைகள் ஏசி ஹாலில் பாட்டுப் பாடுகின்றன, அடுத்த தெருவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. இதில் எது அன்பு?

இரட்சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயர் 6-ம் அதிகாரம், 10-ம் அதிகாரம் 26-ம் வசனம் எல்லாம் வேதத்தில்தானே இருக்கிறது? இரட்சிப்பை இழக்க முடியும் என்பதுதான் பெந்தெகொஸ்தேக்களின் போதனை. சிங்கப்பூர் ஜோசப் பிரின்ஸின் பிரசங்கம் டிவியில் வர ஆரம்பித்ததிலிருந்து, செய்த பாவம் செய்யப்போகிற பாவம் எல்லாம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டாயிற்று என்று நம் வாலிபர்களும் பேசுகிறார்கள். அது மட்டும் உபதேச மாற்றம் இல்லையா? கேக் வெட்டுவது சின்ன விஷயம், இதுதான் பெரிசு. அதைப் பற்றி இங்கே யாரும் வாயே திறக்கவில்லை.


சபைவரலாறு எழுதியது:

பழையபாதை ஐயா கடைசியில் சொன்னது உண்மை. இரட்சிப்பு உபதேசத்தில் நிஜமான மாற்றம் அங்கேதான் நடக்கிறது, மற்றவர்களைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதில் அல்ல, நம்மைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதில். அதிகாரபூர்வமாக அசெம்பிளிஸ் ஆஃப் காட் இன்றும் "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றும் இரட்சிப்பு" என்பதை ஏற்பதில்லை. விசுவாசத்தை விட்டு விலகுகிறவன் இழந்துபோக முடியும் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து கேட்பது வேறு.

இது ஏன் பிடித்துப்போனது என்பதையும் பார்க்க வேண்டும் ஐயா. கன்வென்ஷன் கடைசி இரவு அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் ஓடி வந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள், வருஷா வருஷம் அதே பிள்ளைகள், அதே அழுகை. போன வருஷம் இரட்சிக்கப்பட்டேன், நடுவில் ஒரு சினிமா பார்த்துவிட்டேன், இப்போது வருகை வந்தால்? வீட்டுக்கு வந்து அம்மா அடுப்படியில் இல்லை என்றால் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டாள் என்று நினைத்து அலறாத பெந்தெகொஸ்தேக் குழந்தை உண்டா? அந்தப் பயத்தில் வளர்ந்தவர்கள்தான் இன்று கிருபை என்றதும் பாய்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிடித்தது முழுக்கச் சரி என்று சொல்லவில்லை. இப்படி ஒன்று வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

தன் இரட்சிப்பே ஒவ்வொரு வாரமும் ஊசலாடுகிறவன் பக்கத்து வீட்டு ஆர்சிக்காரனுக்கு எப்படி இடம் கொடுப்பான்? இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் தளர்ந்திருக்கிறது.

மேல்மட்டத்தில் இது ரொம்ப முன்பே தொடங்கியாயிற்று. தென்னாப்பிரிக்காவில் பிறந்த டேவிட் டு ப்ளெஸ்ஸி உலகச் சபை மன்றத்தோடு பழகினார் என்பதற்காக 1962-ல் அவருடைய ஊழிய அங்கீகாரத்தையே அசெம்பிளிஸ் ஆஃப் காட் பறித்தது. 1964-ல் வத்திக்கான் சங்கத்துக்கே விருந்தினராகப் போய்விட்டு வந்தார். 1967-ல் பிட்ஸ்பர்க்கில் கத்தோலிக்க மாணவர்கள் தியானத்தில் அபிஷேகம் பெற்றார்கள், 1972-ல் கத்தோலிக்க-பெந்தெகொஸ்தே பேச்சுவார்த்தை முறைப்படி ஆரம்பித்தது, டு ப்ளெஸ்ஸியின் அங்கீகாரம் 1980-ல்தான் திரும்பக் கிடைத்தது. 2014-ல் போப் பிரான்சிஸ் இத்தாலியில் கசெர்த்தாவில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கே போய், பாசிசக் காலத்தில் பெந்தெகொஸ்தேக்களைத் துன்புறுத்தியதில் கத்தோலிக்கர்களுக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். நம் பக்கம் அப்படி யாராவது யாரிடமாவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி. நெல்லைச்சீமையின் சித்தியிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.


மட்டக்களப்பான் எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கட பக்கம் ஆர்சியும் மெதடிஸ்தும்தான் பழைய ஆக்கள். பெந்தெகொஸ்தே சபைகளை அவர்கள் "அல்லேலூயாக் கூட்டம்" என்றுதான் கதைப்பார்கள், போர் முடிந்து வன்னியில் சபைகள் கூடினபோது சைவ ஆக்களைப் போலவே ஆர்சி ஃபாதர்மாரும், எங்கட ஆக்களை இழுத்து ஆடு திருடுகிறார்கள் என்று கோபப்பட்டார்கள். எங்கட ஆக்களும் சும்மா இருக்கவில்லை, அந்தோனியார் நேர்த்தியைப் பற்றிக் கதைத்த கதை கொஞ்சமில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை. இரண்டு ஆர்சி, ஒன்று சுயாதீன சுவிசேஷ சபை. சீயோனில் செத்ததில் கனபேர் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியில் நின்ற பிள்ளைகள். குண்டு கொண்டுவந்தவனுக்கு யார் முழுக்கு, யார் தெளிப்பு என்ற கவலை இருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கட சபையில் ஆர்சிக்காரருக்கு இரட்சிப்பு இல்லை என்று யாரும் பீடத்தில் நின்று சொல்லி நான் கேட்கவில்லை. உபதேசப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை, அது உண்மை.

ஆனால் ஒன்று. முஸ்லிம் ஆக்களைப் பற்றி அதே சபைகளில் கதைக்கிற விதம் அந்த நாளுக்குப் பிறகு மோசமாகிவிட்டது. ஒரு பக்கம் கதவு திறந்தால் மற்றப் பக்கம் சாத்துகிறார்கள். இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.


நெல்லைச்சீமை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பழையபாதை ஐயா, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் தாத்தாவும் அப்படித்தான் சைக்கிளில் போனவர். ஆனால் அவருடைய சொந்த அக்கா ஆர்சியாகச் செத்தபோது அடக்கத்துக்குக்கூட அவர் போகவில்லை, அதுவும் அதே நம்பிக்கையால்தான்.

ஆச்சி விஷயத்தை யாரும் தொடவில்லையே?


சபைவரலாறு எழுதியது:

தொடாததற்குக் காரணம் இருக்கிறது சிஸ்டர், அங்கே மாற்றம் ரொம்பக் குறைவு. மற்ற கிறிஸ்தவர்களுக்கு இடம் கொடுத்த மாதிரி மற்ற மதத்தாருக்கு எந்தப் பெந்தெகொஸ்தே அமைப்பும் எழுத்தில் இடம் கொடுத்துவிடவில்லை. மலேசியாவில் பிறந்த அமோஸ் யாங் என்ற பெந்தெகொஸ்தே இறையியலாளர் ஒருவர் 2000-லிருந்து இதைப் பற்றி எழுதுகிறார். ஆவியானவர் மாம்சமான யாவர்மேலும் ஊற்றப்படுகிறார் என்று நாம்தான் சத்தமாகச் சொல்கிறோம், அப்படியானால் சபைக்கு வெளியே, மற்ற மதங்களுக்குள்ளும் அவர் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டாமா என்பது அவர் வழி. எல்லாரும் இரட்சிக்கப்பட்டுவிட்டார்கள் என்று அவர் சொல்வதில்லை. அமெரிக்காவில் துல்சாவில் கார்ல்டன் பியர்சன் அப்படிச் சொல்லிப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் இருந்த அவர் சபை கரைந்துபோனது, 2004-ல் ஆப்பிரிக்க-அமெரிக்க பெந்தெகொஸ்தே பிஷப்புகள் கூடி அவரைக் கள்ள உபதேசக்காரர் என்று அறிவித்தார்கள். 2023-ல் இறந்தார்.

ஜனங்கள் மனசில் என்ன ஓடுகிறது என்பது வேறு. 2008-ல் வெளியான பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பில் அமெரிக்க சுவிசேஷ சபைக்காரர்களில் 57 சதவீதம் பேர், பல மதங்கள் நித்திய ஜீவனுக்கு வழிநடத்தலாம் என்றார்கள். பாஸ்டர்கள் பதறினார்கள், ஜனங்கள் மதம் என்றதைச் சபைப்பிரிவு என்று புரிந்துகொண்டிருப்பார்கள் என்று சமாதானம் சொன்னார்கள். அதே வருஷம் மறுபடி கேட்டுப் பார்த்ததில், அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவம் அல்லாத ஒரு மதத்தையாவது சேர்த்தே சொன்னார்கள். நம் ஊரில் இந்துப் பெற்றோரை அடக்கம் செய்த முதல் தலைமுறை விசுவாசிகளிடம் தனியாகக் கேட்டால், பாஸ்டர் இல்லாத இடத்தில் கேட்டால், இதைவிட வேறு மாதிரிச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.


பழையபாதை எழுதியது:

ஆச்சியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் சிஸ்டர். என் தகப்பனாரும் செத்தவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டார், உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் போனார். அப்போஸ்தலர் 10-ம் அதிகாரத்தில் கொர்நேலியுவின் ஜெபமும் தானதர்மமும் தேவசந்நிதியில் எட்டினது பேதுரு வருவதற்கு முன்பே, அது வேதத்தில் இருக்கிறது. ஆனாலும் பேதுருவை அனுப்பினார், அதுவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டுப் பிரசங்கம் செய்ய எனக்கு வராது.

சித்தியை நிறுத்திவைத்தது தப்பு. அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.


முன்னாள்_ஊழியர் எழுதியது:

பழையபாதை பிரதர் அளவுக்கு உங்கள் பாஸ்டர் சொன்னாலே போதும் சிஸ்டர். அணுகுமுறை மாறிவிட்டது என்றாரே, அப்படியானால் சித்தி வந்தால் இராப்போஜனம் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். மூப்பர்கள் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். தனியாகக் கேட்டால் "ஜெபிப்போம் சிஸ்டர்" என்று அனுப்பிவிடுவார், நானும் எத்தனை பேரை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.